ரேசுக்குன்னு வாங்கின பணம்

"அந்த வண்டியில என் வேலையும் இருக்கே தம்பி, அது ரேசுல சேராதா?"

பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி கேட்டது இது. அன்றைக்கு நான் சொன்ன பதில் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சரியான பதில் சொன்னவனுக்கு இத்தனை நாள் கழித்தும் ஏன் உறுத்த வேண்டும்?

சென்னைக்குப் பக்கத்தில் ரேஸ் டிராக் இருக்கிற இருங்காட்டுக்கோட்டைக்குக் கிளம்ப வேனில் பைக்கை ஏற்றிக்கொண்டிருந்தோம். முந்தின சீசனில் கால் வைக்கிற ரியர்செட் கடைந்தது, பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங்ஆர்முக்குப் புஷ் போட்டது, கீழே விழுந்து வளைந்ததையெல்லாம் நிமிர்த்தியது என்று அண்ணாச்சிக்கு முப்பத்தெட்டாயிரம் பாக்கி. எங்கள் பைக் ரேஸ் டீமுக்குக் கணக்குப் பார்க்கிறவன் நான். அந்தத் தொகை எனக்கு மனப்பாடம்.

"ஊர்ப்பணம் வந்துட்டுன்னு சொல்லுதாவ. என் பாக்கி எப்பம் வரும்?" என்றார்.

"அது ரேசுக்குன்னு கேட்டு வாங்கின பணம் அண்ணாச்சி. கோயில் கொடைக்கு வரி பிரிச்சா கொடைக்குத்தானே செலவழிப்போம்?"

"போன கொடைக்கு அடிச்ச மேளக்காரனுக்குப் பாக்கி வச்சிட்டு, இந்தக் கொடைக்கு வேற மேளம் கூப்பிடுவியளோ?"

அதற்குப் பிறகுதான் முதலில் எழுதிய கேள்வியைக் கேட்டார். குரல் உயரவில்லை. "சீசன் முடியட்டும் அண்ணாச்சி, கட்டாயம் தாறேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

என் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வேண்டும். டயர், நுழைவுக் கட்டணம், பெட்ரோல், வேன் டீசல் என்று தலைப்புப் போட்டுத்தான் ஆன்லைனில் பணம் கேட்டிருந்தோம். தாராவியிலும் துபாயிலும் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள் ஐந்நூறும் ஆயிரமுமாக அனுப்பினார்கள். பொதுமக்களுக்கு இணையத்தில் பங்கு விற்று இப்படிப் பணம் திரட்ட இங்கே பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் விதிகளில் இடமில்லை. ஆகவே கொடுத்தவருக்குக் கையில் ஒரு தாளும் கிடையாது. நாம் எழுதிய நாலு வரிதான் அவருக்குப் பிடிமானம். அதை மீறி ஒரு ரூபாயை வேறு பக்கம் திருப்பினாலும் அது நம்பிக்கை மோசம். இதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

இன்னொன்று, ஓடாவிட்டால் சின்ன டீம் செத்துப்போகும். 2016இல் ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் மேனர் என்ற சின்ன அணிக்கு நடந்தது அதுதான். ஆஸ்திரியாவில் அவர்கள் டிரைவர் வேர்லைன் எடுத்த ஒரே ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு அணிகள் பட்டியலில் பத்தாவது இடத்தில் இருந்தார்கள். பிரேசிலில் கொட்டுகிற மழையில் போட்டி அணியான சாபரின் டிரைவர் நாஸ்ர் ஒன்பதாவதாக வந்து இரண்டு புள்ளி எடுத்தார். பத்தாவது இடம் போனது, அதோடு வர வேண்டிய பரிசுப் பங்கும் போனது. 2017 ஜனவரியில் மேனர் திவால் நிர்வாகத்துக்குப் போய்விட்டது. எங்களுக்குப் பரிசுப் பங்கெல்லாம் இல்லை. ஆனால் ஸ்பான்சர் கேட்டுப் போகிற ஒவ்வொரு கடையிலும் முதல் கேள்வி, "இந்த வருசம் ஓடுதியளா?" என்பதுதான். ஓடினால்தான் அண்ணாச்சிக்கே பணம் வர வழி உண்டு. இதை அவரிடம் விளக்கியிருக்கலாம். விளக்கினால் மட்டும் அவர் கேள்விக்குப் பதில் ஆகியிருக்குமா?

வேனில் போகும்போது கேட்டர்ஹாம் என்ற இன்னொரு ஃபார்முலா 1 அணி நினைவு வந்தது. 2014 அக்டோபரில் அந்த அணியும் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. ஆஸ்டினும் பிரேசிலும் தவறின. கடைசிப் பந்தயமான அபுதாபிக்காவது போக வேண்டும் என்று ரசிகர்களிடம் 23.5 லட்சம் பவுண்டு கேட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சேர்ந்ததுமே போவது என்று அறிவித்தார்கள். களத்தில் இறங்கிக் காட்டினால் அணியை வாங்க ஆள் வரும் என்பது கணக்கு. பந்தயத்தில் அவர்களின் இரண்டு டிரைவர்களில் கோபயாஷியின் கார் பாதியில் நின்றது. வில் ஸ்டீவன்ஸ் 17ஆவதாக, கடைசியாக முடித்தார். வாங்க ஆள் வரவில்லை. மறு வருடம் சாமான்கள் ஏலத்துக்குப் போயின.

அந்தச் செய்தியைப் படித்தபோது நான் பணம் போட்ட ரசிகர்கள் பக்கம் நின்று பூரித்தவன். அந்தத் தொழிற்சாலையில் வேலை இழந்தவர்கள், சாமான் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் எல்லாம் அப்போது என் கண்ணில் படவே இல்லை. அவர்களில் யாராவது, "அந்த காரில் என் வேலையும் இருக்கே" என்று கேட்டிருப்பார்கள்தானே? பணம் போட்டவரின் பெயரை வண்டியில் ஸ்டிக்கராக ஒட்டுகிறோம். கடனுக்கு வேலை செய்து கொடுத்தவரும் பணம் போட்டவர்தான், அதுவும் எல்லோருக்கும் முன்னால் போட்டவர். அவர் பெயரை ஒட்ட எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

இப்படி யோசிக்கும்போதே மறுபக்கமும் எழும்புகிறது. ஐந்நூறு ரூபாய் அனுப்பிய தாராவிப் பையன் பட்டறைக் கடனை அடைக்கவா அனுப்பினான்?

சீசன் முடிந்து ஒரு ஸ்பான்சர் பணம் வந்ததும் தவணையாக முழுப் பாக்கியையும் கொடுத்தோம். அண்ணாச்சி இப்போதும் எங்கள் வேலையைச் செய்கிறார், முன்பணம் வாங்கிக்கொண்டு. அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் முன்பெல்லாம் பணப் பேச்சை எடுத்தாலே, "முதல்ல ஓட்டுங்கடே, பொறவு பாப்போம்" என்பார். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

இந்த வருட வேண்டுகோளில் மற்ற பட்டறைகளுக்குத் தர வேண்டிய பழைய பாக்கி என்று ஒரு வரியைத் தொகையோடு சேர்த்தேன். பணம் மந்தமாகத்தான் வருகிறது. "பழைய கடனுக்கா கேக்கிய?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்பது நியாயம்தான். அந்த வரியை எடுத்துவிடலாம் என்கிறான் ரைடர். அவன் தன் சம்பளத்தையும் இதில் போடுகிறவன், அவனிடம் வம்பு பேச எனக்கு வாய் வரவில்லை. எடுத்தால் பணம் வரும். வந்த பிறகு ஏதாவது ஒரு பட்டறைக்காரரிடம் போய் அதே பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். விட்டுவைத்தால் முதல் சுற்றுக்கே டயர் வாங்க முடியுமா என்று தெரியவில்லை. நுழைவுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது. அந்த வரி இன்னும் அங்கேதான் இருக்கிறது.