வானியலாளர் வேலை: தண்டையார்பேட்டையிலிருந்து இரண்டாவது ஒப்பந்தம் வரை

2016இல் வானியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்த கடிதத்தைத் தண்டையார்பேட்டை வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். மணலியில் ஒரு தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இது பர்மனென்ட்டாம்மா, காண்டிராக்டா?" எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர்கள் எவரும் எழுப்பாத அந்தக் கேள்வியே இத்துறையில் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கப்பட வேண்டியது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

உள்ளே நுழைவது பலரும் அஞ்சுமளவுக்கு எட்டாத காரியமன்று. நான் வடசென்னையில் ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலும், பிறகு எம்.எஸ்சி.யும் படித்தவள், வானியல் எனக்குத் தனிப்பாடமாக இருந்ததே இல்லை. ஆய்வு மாணவர் சேர்க்கைக்கான ஜெஸ்ட், நெட், கேட் ஆகிய தேர்வுகளின் இயற்பியல் தாளில் இயக்கவியலும் மின்காந்தவியலும் குவாண்டம் இயக்கவியலும்தான் நம்மைச் சோதிக்கின்றன. நேர்முகத் தேர்வில், எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெண்குறு விண்மீன் தன் ஈர்ப்பினாலேயே ஏன் நொறுங்கிவிடுவதில்லை என்று கேட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்த எனக்கு ஆங்கில வாக்கியம் தடுமாறியது. கரும்பலகையில் எழுதிக் காட்டலாமா என்று கேட்டு, இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்னும் பவுலியின் தவிர்க்கைத் தத்துவத்திலிருந்து எலக்ட்ரான்களின் அழுத்தத்தை வருவித்து, அந்த விண்மீன் தாங்கக்கூடிய உச்ச நிறையான, சூரிய நிறையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்னும் சந்திரசேகர் எல்லைவரை சமன்பாடுகளிலேயே பேசி முடித்தேன். மொழிக்கு அஞ்சி விண்ணப்பிக்காமல் நின்றுவிடும் மாணவர்களுக்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அன்று ஆய்வு மாணவருக்கான உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். 2023 முதல் அது முதலிரண்டு ஆண்டுகளுக்கு 37,000, அதன் பின் 42,000. தொகை காலத்துக்கு வராமல் போன மாதங்களில் வீட்டு வாடகையை அம்மாவின் சீட்டுப் பணம்தான் கட்டியது. ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில், 1986 முதல் இயங்கிவரும் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில் நான் விண்ணப்பித்துப் பெற்ற நான்கு இரவுகளில் மூன்று மேகத்தோடு போயின. துறைமுக விளக்கொளியில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து ஒருபோதும் கண்டிராத பால்வழியை அந்த ஓர் இரவில் கண்ணாரக் கண்டதை என்னால் மறக்க முடியாது. ஆனால் எஞ்சிய ஐந்தரை ஆண்டுகளில் பெரும்பகுதி, பைத்தான் நிரல் எழுதி நிறமாலைகளைத் திருத்துவதிலேயே கழிந்தது.

உண்மையான சோதனை பட்டத்துக்குப் பிறகுதான் தொடங்கியது. முனைவர் பட்டத்துக்குப் பின் ஒப்பந்தத்தில் செய்யும் ஆய்வுப் பணிக்குப் போஸ்ட்டாக் என்று பெயர். உலகெங்கும் உள்ள அந்த இடங்கள் பெரும்பாலும் அமெரிக்க வானியல் கழகத்தின் வேலைவாய்ப்புப் பதிவேட்டில் வெளியாகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர்வரை விண்ணப்பிக்க வேண்டும். ஆய்வுத் திட்டம், மூன்று பரிந்துரைக் கடிதங்கள், அதன் பின் பிப்ரவரிவரை காத்திருப்பு. நான் நாற்பத்து மூன்று இடங்களுக்கு அனுப்பினேன்; மூன்று நேர்காணல்கள் வந்தன, ஓரிடம் கிடைத்தது. அது ஜெர்மனியில் மூன்று ஆண்டு ஒப்பந்தம். இப்போது இந்தியாவில் இரண்டாவது ஒப்பந்தத்தில் இருக்கிறேன். நிரந்தரப் பணி தரக்கூடிய நிறுவனங்கள் பெங்களூரு, புனே, நைனிதால், அகமதாபாத் போன்ற சில ஊர்களில்தான் இருக்கின்றன. அங்கும் இடங்கள் மிகக் குறைவு.

இந்நிலையில் தொலைநோக்கிக் கருவி கட்டமைக்கும் பயிற்சி பெற்றவர்களுக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பது என் கணிப்பு. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கும், ஈர்ப்பலைகளைக் கண்டறியும் ஆய்வகமான லைகோ-இந்தியாவுக்கு 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்துள்ளது. அதற்கு ஒளியியலும் மின்னணுவியலும் கைவந்தவர்கள் தேவைப்படுவார்கள். நான் கருவிப் பக்கம் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்றே இன்று எண்ணுகிறேன். என்னோடு படித்தவர்களில் இருவர் தரவுப் பகுப்பாய்வுப் பணிக்குச் சென்றுவிட்டார்கள். அதைத் தோல்வி என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. அரசு கலைக் கல்லூரிப் பணிக்காக ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளையும் நான் கவனித்து வருகிறேன்.

என் ஒப்பந்தம் அடுத்த ஆகஸ்டில் முடிகிறது. அந்தத் தேதியை அப்பா சமையலறை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார். இந்த அக்டோபருக்கான பரிந்துரைக் கடிதங்களைக் கேட்டு நேற்று மூவருக்கும் எழுதிவிட்டேன்.