தலை பின்னப் பதினோரு மாதம்: என் வலது தோள் பட்ட பாடு

நேற்றுக் காலை என் தலைமுடியை நானே பின்னிக்கொண்டேன். பதினோரு மாதத்துக்குப் பிறகு. பக்கத்தில் நின்ற மகளுக்கும் எனக்கும் கண் கலங்கிவிட்டது. இந்தப் பதினோரு மாதத்தில் ஐந்து மாதம் வீணாய்ப் போனது. அது எப்படி என்று தெரிந்தால் இதே வலியோடு இருக்கும் யாராவது தப்பிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 52, ஒன்பது வருடமாகச் சர்க்கரை. வலது தோளில் ராத்திரி வலி, அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவே முடியாது. முதலில் பார்த்த டாக்டர் தசைப்பிடிப்பு என்றார். மாத்திரை, களிம்பு, கழுத்திலிருந்து கையைத் தொங்கவிட ஒரு கட்டு. "கையை அசைக்காதீங்க" என்றார். சொன்னபடி ஆறு வாரம் அசைக்கவில்லை. அந்த ஆறு வாரத்தை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. கட்டை அவிழ்த்தபோது கை தோள் உயரத்துக்குக்கூட வரவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. தசைநார் கிழிந்திருக்கலாம் என்று எம்ஆர்ஐக்கு எழுதிக்கொடுத்தார்.

ஸ்கேன் சென்டருக்கு இரண்டு மணி நேரம் பஸ். கவுன்டரில் சீட்டைப் பார்த்தவர், "இடது தோள்தானேம்மா?" என்றார். சீட்டில் இடது என்று எழுதியிருந்தது! எழுதியிருப்பதை விட்டு வேறு தோளை அவர்களாக எடுக்க முடியாது, அது நியாயம்தான். ஆனால் டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள் என்றதற்கு, "அது எங்க வேலை இல்லைம்மா" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். திரும்பி வந்து சீட்டை மாற்றி வாங்கினால், அடுத்த தேதி ஒன்பது நாள் கழித்து. சீட்டு கைக்கு வந்ததும் இடதா வலதா என்று அந்த இடத்திலேயே படித்துப் பாருங்கள். தாலி, வளையல், சேஃப்டி பின் எல்லாம் கழற்றச் சொல்வார்கள், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

ரிப்போர்ட்டில் கிழிசல் இல்லை. அதை எடுத்துக்கொண்டு வேறொரு எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் கவரைப் பிரிப்பதற்கு முன்னாலேயே என் கையைத் தொட்டார். இத்தனை மாதத்தில் தொட்டுப் பார்த்த முதல் ஆள் அவர்தான். முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பினார். கொஞ்ச தூரத்திலேயே கதவு தட்டியது போல நின்றுவிட்டது. "கிழிசலா இருந்தா நீங்க தூக்க முடியாட்டியும் நான் தூக்கினா வரும். உங்களுக்கு நான் தூக்கினாலும் வரலை. எக்ஸ்ரேல தேய்மானமும் இல்லை. இது ஃப்ரோசன் ஷோல்டர்" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

படம் வரைந்தே காட்டினார். தோளில் கிண்ணம் என்று சொல்வது பேருக்குத்தான், குட்டித் தட்டில் எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி ஆழமே இல்லாத குழி. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது. மேல்கை எலும்பின் பந்து போன்ற தலையை அந்தக் குழியிலிருந்து நழுவாமல் பிடித்துக்கொள்வது ரொட்டேட்டர் கஃப் என்கிற நான்கு தசைகளும், மூட்டைச் சுற்றிய உறையும். கை தொங்கும்போது அந்த உறை அக்குள் பக்கம் சேலைக் கொசுவம் போல மடிந்திருக்கும், கையைத் தூக்கினால் விரியும். எனக்கு அந்தக் கொசுவம் தடித்து, சுருங்கி, ஒட்டிக்கொண்டுவிட்டது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வருமாம். அப்படியென்றால் கட்டுப் போட்டு அசைக்காமல் வைத்தது எவ்வளவு பெரிய தப்பு!

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடத் தேதி கொடுத்தார்கள். அன்றைக்கு சர்க்கரை 290. போட முடியாது என்று அனுப்பிவிட்டார்கள், இன்னொரு நாள் போச்சு. அந்த ஊசி சில நாளைக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும், அதனால் முன்கூட்டியே குறைத்துக்கொண்டு போக வேண்டும் என்று தேதி குறிக்கும்போதே ஒருவர் சொல்லியிருக்கலாம். இரண்டு வாரம் கழித்துப் போட்டார்கள். ராத்திரித் தூக்கம் வந்தது.

அப்புறம் பிசியோதெரபி, தினமும். குனிந்து கையை ஊசல் மாதிரி ஆட்டுவது, சுவரில் விரலால் ஏறுவது, துண்டை முதுகுக்குப் பின்னால் இழுப்பது. முக்கியமான ஒன்று: கையை முழுசாக 180 டிகிரி தூக்கும்போது ஏறக்குறைய 120 பந்து மூட்டிலிருந்து வருகிறது, மீதி 60 தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் வழுக்குவதால். மூட்டு இறுகியிருந்தால் நமக்கே தெரியாமல் தோள்பட்டையை எக்கித் தூக்கிவிட்டு, கை ஏறுகிறது என்று நம்பிவிடுவோம். நான் மூன்று வாரம் அப்படித்தான் செய்தேன். மகள் பின்னால் நின்று தோள்பட்டையை அமுக்கிப் பிடித்த பிறகுதான் சுவரில் உண்மையான கோடு விழுந்தது. தேதி போட்டுப் பென்சிலால் குறித்தோம்.

கை இன்னும் முதுகுப் பக்கம் இடுப்பு வரைதான் போகிறது. இடது தோளுக்கும் இது வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிவைத்து, முன்கைகளை வெளிப்பக்கம் திருப்பிப் பார்க்கிறேன். இன்று வரை இடது சரியாகப் போகிறது.