பாய்சி நீலத் தரையில் ஒரு ட்ரிக் ப்ளே: மேல் வரிசை டிக்கெட்டே போதும்

ஐடஹோ மாநிலத்துப் பாய்சியிலிருந்து நேற்று இரவுதான் திரும்பினேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது, ஆனாலும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடுவது) ட்ரிக் ப்ளே என்று ஒன்று உண்டு. எதிரணியின் கண்ணைக் கட்டுவதற்காகவே பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, யாருக்கும் காட்டாமல் பத்திரமாக வைத்திருந்து, சமயம் பார்த்து எடுத்துவிடுவார்கள். அதை நேரில் பார்ப்பதென்றால் பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழக மைதானத்தில்தான் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

காரணம், 2007 ஜனவரி 1 அன்று அரிசோனாவில் நடந்த ஃபியஸ்டா பௌல் என்ற சீசன் முடிவுப் போட்டி. எதிரே ஓக்லஹோமா, பரம்பரைப் பெரிய அணி. பாய்சி ஸ்டேட்டைப் பெரிய இடங்களில் யாரும் மதிக்காத காலம் அது. கடைசி ஒன்றரை நிமிடத்தில் ஓக்லஹோமா சமன் செய்து, அடுத்து பாய்சியின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜாரெட் ஸப்ரான்ஸ்கி வீசிய பந்தை இடைமறித்து ஓடி 35-28 என்று முந்திவிட்டது. மிச்சம் 18 வினாடி, நான்காவது முயற்சி, அதுவே கடைசி, பந்தைத் தக்கவைக்க முன்னேற வேண்டியது 18 யார்டு. ஸப்ரான்ஸ்கி வீசிய பந்தை ட்ரிசான் ஜேம்ஸ் பிடித்தார், எல்லோரும் அவர் மேல் பாய்ந்தார்கள், அவரோ எதிர்த்திசையில் குறுக்கே ஓடிவந்த ஜெரார்ட் ராப் கையில் பந்தைத் தள்ளிவிட்டார். டச்டவுன்! பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, பிறகு உதைத்த ஒரு புள்ளியும் சேர்ந்து ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் ஓக்லஹோமாவின் ஏட்ரியன் பீட்டர்சன் முதல் ஓட்டத்திலேயே 25 யார்டு ஓடிப் புள்ளி எடுக்க, பாய்சி பதிலுக்கு, வழக்கமாகப் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஒருவரையே பந்து வீச வைத்து டச்டவுன் எடுத்தது. அப்புறம் ஒரு புள்ளியை உதைத்துச் சமன் செய்துகொள்ளாமல், பாய்சி பயிற்சியாளர் கிறிஸ் பீட்டர்சன் மறுபடி கோட்டைத் தாண்டினால் கிடைக்கும் இரண்டு புள்ளிக்கே துணிந்தார். ஸப்ரான்ஸ்கி வலது கையை ஓங்கி வலப்பக்கம் வீசுவது போல வெறுங்கையை வீசினார். பந்து இடது கையில், முதுகுக்குப் பின்னால். இயன் ஜான்சன் அதை வாங்கிக்கொண்டு இடப்பக்கம் போய்க்கொண்டே இருந்தார். 43-42. அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

சரி, பயணம். சால்ட் லேக் சிட்டியிலிருந்து விமானக் கட்டணம் கட்டுப்படியாகாது என்று பஸ் எடுத்தேன். இரண்டு மணி நேரம் தாமதம், ஒரு அறிவிப்பு கிடையாது, கேட்டால் தோளைக் குலுக்குகிறார்கள். ஏறினால் ஹீட்டர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறது, கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. ட்வின் ஃபால்ஸ் தாண்டும்போது நடு ராத்திரி. இறங்கிய இடத்தில் ஒரு டாக்ஸிக்காரர், பத்து நிமிடம்கூட ஆகாத தூரத்துக்கு 45 டாலர் கேட்டார், மேட்ச் வாரம் அப்படித்தானாம். குளிரில் வேறு வழியில்லாமல் கொடுத்தேன், இன்னும் வயிறு எரிகிறது. மேட்ச் நாளில் விடுதி வாடகையும் அப்படித்தான், வழக்கமான விலையைப் போல இரண்டு மடங்கு சொல்கிறார்கள். முடிந்தால் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

அந்த எரிச்சலை ஆற்றியது குரோவ் தெருவில் இருக்கும் பாஸ்க் பகுதி. ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையிலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் மக்களின் வம்சாவளியினர் இந்த ஊரில் நிறைய. அங்கே ஒரு சின்ன உணவகத்தில் குரோக்கெட்டாஸ் சாப்பிட்டேன். வெளியே பிரெட்தூள் மொறுமொறுவென்று உடைகிறது, உள்ளே வெண்ணெயும் பாலும் மாவும் சேர்த்துக் கிளறிய கூழில் பொடியாக அரிந்த கோழி, நாக்கைச் சுடும் சூடு. ஒரு தட்டு முடிந்து இன்னொரு தட்டு, அப்புறம் ஆட்டிறைச்சி வைத்த சாண்ட்விச். எல்லாம் சேர்த்து டாக்ஸிக்காரர் வாங்கியதைவிடக் குறைவு!

அங்கிருந்து மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆற்றோரமாகவே கிரீன்பெல்ட் நடைபாதை, காட்டன்வுட் மரங்கள் மஞ்சளாக நிற்கின்றன, பாலத்தைத் தாண்டினால் பல்கலைக்கழகம். 1986 முதல் இங்கே தரை நீல நிறம். படத்தில் பார்த்துப் பழகியிருந்தாலும் படியேறி உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டேன், அவ்வளவு நீலம். ஒரு பக்கம் 'பாய்சி' என்று கத்தினால் எதிர்ப்பக்கம் 'ஸ்டேட்' என்று திருப்பிக் கத்துகிறது. பந்தை நிறுத்தி உதைத்த பிறகு கிடக்கும் சின்னத் தாங்கியை (அதற்கு டீ என்று பெயர்) எடுத்துவர ஒரு நாய் பாய்ந்து ஓடுகிறது, அதற்குக் கிடைக்கும் கைதட்டல் சில வீரர்களுக்குக்கூடக் கிடைக்கவில்லை.

நான் வாங்கியது இருப்பதிலேயே மலிவான டிக்கெட், எண்ட் சோனுக்கு (டச்டவுன் எடுக்கும் மைதானக் கோடி) பின்னால் மேல் வரிசை. இதைத்தான் அழுத்திச் சொல்ல வருகிறேன்: ட்ரிக் ப்ளே பார்க்க அதுதான் சரியான இடம். டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே போகும், தடுப்பாட்டக்காரரோடு சேர்ந்து கேமராவும் ஏமாறும், நாமும் ஏமாறுவோம். மேலிருந்து 22 பேரும் தெரிகிறார்கள். மூன்றாவது கால் பகுதியில் குவார்ட்டர்பேக் பந்தைப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னோக்கி, ஓரத்தில் நின்ற ரிசீவருக்கு வீசினார். நான் பார்த்துக்கொண்டிருந்ததோ டைட் எண்டை, அதாவது முன்வரிசை ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவரை. ஒரு நொடி எதிராளியின் மார்பில் இரு கையையும் வைத்துத் தள்ளினார், பிறகு தடுமாறினவர் போல அவரை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரிசீவர் நின்று பந்தை முன்னோக்கி வீசியபோது டைட் எண்டைச் சுற்றி 10 யார்டுக்கு ஆளே இல்லை. பந்து கைக்கு வருமுன்பே நான் எழுந்து கத்திக்கொண்டிருந்தேன்.

இது விதிக்கு உட்பட்டதுதான். முன்னோக்கி வீசுவது ஒரு முயற்சிக்கு ஒரு முறை மட்டும், அதுவும் பந்து கிளம்பிய கோட்டுக்குப் பின்னாலிருந்து. பின்னோக்கி எத்தனை முறை வேண்டுமானாலும் தள்ளலாம். விதியின் சந்துபொந்தில் புகுந்ததும் உண்டு: 1984 ஆரஞ்ச் பௌலில் நெப்ராஸ்கா குவார்ட்டர்பேக் பந்தை வேண்டுமென்றே தரையில் வைக்க, டீன் ஸ்டைன்கூலர் என்ற கனத்த லைன்மேன் (முன்வரிசையில் முட்டித் தடுப்பவர்) அதை எடுத்து ஓடி டச்டவுன் போட்டார். பிற்பாடு விதியை மாற்றி அதைத் தடுத்துவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தம்தான். இதையெல்லாம் குறுக்குவழி என்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. கிரிக்கெட்டில் வேகமாக வீசுபவர் போடும் மெதுவான பந்துக்குத்தான் ஆள் அவுட் ஆவார். அதே மாதிரி, அந்த டைட் எண்ட் முதல் பாதி முழுக்க உண்மையாகவே முட்டி மோதித் தடுத்துக்கொண்டிருந்ததால்தான் அந்த ஒரு தடவை நம்பினார்கள்.

போகிறவர்களுக்கு: பை கொண்டுபோனால் உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடிப் பைதான், சாதாரணத் தோள்பையை வாசலிலேயே திருப்பிவிடுகிறார்கள். இருட்டியதும் குளிர் எலும்பைத் தொடும், கையுறை அவசியம். ஆட்டம் முடிந்ததும் டாக்ஸி தேடாதீர்கள், கூட்டத்தோடு ஆற்றைத் தாண்டி நடந்துவிடுங்கள். மிச்சமாகும் காசுக்கு இன்னொரு தட்டு குரோக்கெட்டாஸ் வரும், ஆனால் கடை மூடுவதற்குள் போய்விடுங்கள்.