இது யாருடைய கம்பெனி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஹார்ட்வேர் கடையில் வேலை பார்ப்பவனுக்குச் சரக்கின் விலை மட்டும் தெரிந்தால் போதாது. "இது யாருடைய கம்பெனி, தம்பி?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அது பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் வெளிநாட்டுக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, லயத்தில், அதாவது தோட்டக் குடியிருப்பில், இருந்தவர்களுக்கு வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. இந்த ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும், தொழிலாளர்களிடமே பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கியதும் அதனால்தான். முதலாளி மாறினால் என்ன நடக்கும் என்பது இங்கே எல்லார் வீட்டிலும் தெரியும்.

நான் சிலிங் சரக்கைப் பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலும் ஜிப்சம் பலகை. முன்பு வந்த பலகைகளில் யுஎஸ்ஜி போரல் என்று இருக்கும். 2014இல் யுஎஸ்ஜி என்ற அமெரிக்கக் கம்பெனியும் போரல் என்ற ஆஸ்திரேலியக் கம்பெனியும் சரிபாதியாகச் சேர்ந்து தொடங்கியது அது. 2019இல் ஜெர்மனியின் க்னௌஃப் அந்த அமெரிக்கக் கம்பெனியையே வாங்கியது. 2021இல் போரலின் பாதியும் அதன் கைக்குப் போனது.

க்னௌஃப் பங்குச் சந்தையில் இல்லை. 1932இல் அல்ஃபோன்ஸ், கார்ல் என்ற அண்ணன் தம்பி தொடங்கிய கம்பெனி. பல நாடுகளில் ஆலைகள் இருந்தும் இன்னும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. தலைமையகம் பெரிய நகரத்தில் இல்லை, பவேரியாவில் இஃபோஃபன் என்ற சின்ன ஊரில். இதைச் சொன்னால் பெரியவர்களின் முகம் கொஞ்சம் மலரும். எனக்கும் அந்தச் செய்தி பிடிக்கும்.

ஆனால் அதை வைத்துச் சரக்கை விற்க எனக்கு மனம் வராது. நான் பொறுப்பேற்று விளக்கக்கூடியது ஜிப்சம் கல்லைப் பற்றித்தான். ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். அதைச் சுமார் 150 டிகிரியில் சூடாக்கினால் முக்கால்வாசித் தண்ணீர் போய்த் தூளாகிறது. மறுபடி தண்ணீர் சேர்த்தால் இறுகிக் கல்லாகிறது. இரண்டு தாள்களுக்கு நடுவே அப்படி இறுக வைத்ததுதான் பலகை. தீப்பிடித்தால் உள்ளே கட்டுண்ட தண்ணீர் ஆவியாகிப் போகும்வரை மறுபக்கம் சூடு ஏறுவது தாமதமாகும். சமையலறைக்கு மேலே சிலிங் போடுகிறவர்களிடம் இதை விளக்காமல் அனுப்ப மாட்டேன். வெளியிலிருந்து வரும் ஈரம் வேறு கதை. தாள் நனைந்தால் பலகை தொய்ந்துவிடும். அதனால்தான் கடையில் பலகையை வெறும் சிமெண்டுத் தரையில் போடாமல் கட்டைகளின் மேல் படுக்கையாக அடுக்குகிறோம். தூக்கும்போது நிமிர்த்தி, இரண்டு பேராகத் தூக்குகிறோம்.

தோட்டத்தை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்தவர்கள் பலரும் தகரக் கூரையின் வெக்கையில் வளர்ந்தவர்கள். சிலிங் போட்டால் வீடு குளிர்ந்துவிடும் என்று நம்பி வருவார்கள். பலகை மட்டும் அதைச் செய்யாது. கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கும் பாயும், சூடு வெளியேற வழியும் வேண்டும். இதைச் சொன்னால் சிலர் யோசித்துவிட்டு வருவதாகப் போய்விடுவார்கள். போகட்டும், கடை முதலாளி தவுக்கேவும் அதற்காக என்னிடம் முகம் சுளித்ததில்லை.

"இவர்களும் ஒருநாள் விற்றுவிட்டுப் போக மாட்டார்களா?" என்று ஒரு பாட்டி கேட்டார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை. ஜெர்மன் குடும்பத்துக்காக நான் வாக்குக் கொடுக்க முடியாது என்றேன். அப்புறம், பலகைக்குக் காசு கட்டும் முன்னால் அவர் வீட்டுக் கூரை எங்கே ஒழுகுகிறது என்று விசாரித்தேன்.