பசங்க எவ்ளோ நேரம் ஸ்க்ரீன் பாக்குறாங்கன்னு அளக்குற வேலை

ஸ்கூல் பசங்ககிட்ட ஹெல்த் சர்வே எடுக்குற வேலைல இருக்கேன். எங்க ஃபார்ம்லயே கஷ்டமான கேள்வி "ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் பொழுதுபோக்குக்கு டிவி, போன் பாப்பே"ங்குறதுதான். டீச்சர் பக்கத்துல நின்னா ஒரு மணி நேரம்னு சொல்ற பையன், அவங்க அந்தப் பக்கம் போனதும் அஞ்சு மணி நேரம்ங்குறான், ரெண்டையும் அவன் கணக்கு போட்டு சொல்லல.

போன்லயே ஸ்க்ரீன் டைம் காட்டுதே, அத பாத்து எழுதிக்கலாமேன்னு நெறைய பேர் கேக்குறாங்க. சொல்றதும் போன்ல பதிவாகுறதும் ஓரளவுக்குத்தான் ஒத்துப்போகுதுன்னு பல ஆய்வுகள சேத்து பாத்து 2021ல வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்லுச்சு (தொடர்பு 0.38தான், முழுசா ஒத்துப்போனா 1 வரும்), அதனால அவங்க கேக்குறது நியாயம்தான். ஆனா நாங்க போற ஊர்கள்ல முக்காவாசி பசங்களுக்கு தனி போன் கெடையாது, அம்மா போன்தான், அதுலயே அம்மாவோட சீரியல், தம்பியோட கார்ட்டூன், ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல வர்ற ஹோம்வொர்க் எல்லாம் சேந்து ஒரே நம்பரா நிக்கும். யூடியூப்ல 40 நிமிஷம்னு இருந்தா அது பிசிக்ஸ் பாடமா ஷார்ட்ஸாங்குறதும் தெரியாது, ஹால்ல ஓடுற டிவி அந்தக் கணக்குலயே வராது.

எனக்கு நம்பிக்கை வந்த வழி, நேத்து நடந்தத வரிசையா கேக்குறதுதான். ஸ்கூல் விட்டு வந்ததும் என்ன பண்ணே, டியூஷன் எத்தன மணிக்கு, சாப்புடும்போது டிவி ஓடுச்சா, படுத்தப்புறம் போன் யார்கிட்ட இருந்துச்சு? இப்படி கேட்டா பசங்க யோசிச்சு சொல்றாங்க. ஞாயித்துக்கிழமைக்கு தனியா கேக்கணும், டிவி ஓடிட்டு இருக்கும்போதே கைல போனும் இருந்தா அத ஒரு தடவ எண்ணணுமா ரெண்டு தடவயான்னு ஃபீல்டுக்கு போறதுக்கு முன்னாடியே டீம்ல எல்லாரும் பேசி முடிவு பண்ணிடணும். அமெரிக்கால 11,000 பசங்களுக்கு மேல வருஷக்கணக்கா பாத்துட்டு வர்ற ஏபிசிடி ஆய்வுலயும் வாரநாள், வாரக்கடைசி, வீடியோ, கேம், சோஷியல் மீடியான்னு பிரிச்சுதான் கேக்குறாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு அதே பசங்கள திரும்ப கேட்டு பதில் ஒத்துப்போனா கேள்வி நம்பகமானதுன்னு ரிப்போர்ட்ல எழுதுறாங்க, இதுல எனக்கு உடன்பாடு இல்ல, ஏன்னா பழக்கமா கொறச்சு சொல்ற புள்ள ரெண்டு தடவயும் அதே மாதிரிதான் கொறச்சு சொல்லும், பதில் மாறாம இருக்குறது வேற, உண்மையா இருக்குறது வேற.

கனடால 2016 வழிகாட்டி 5லேருந்து 17 வயசுக்கு பொழுதுபோக்கு ஸ்க்ரீன் ஒரு நாளைக்கு 2 மணி நேரம்தான்னு எல்லை வச்சிருக்கு, உலக சுகாதார நிறுவனம் 2020ல கொறைக்க சொல்லுச்சே தவிர மணிக்கணக்கு வைக்கல, அந்த அளவுக்கு ஆதாரம் பத்தாதுன்னுட்டாங்க. நாங்க கொண்டு வர்ற நம்பர வச்சுதான் நாளைக்கு பேரன்ட்ஸ் மீட்டிங்ல ஒரு புள்ளைய நிக்க வச்சு திட்டுவாங்க, அதனால பாடத்துக்கு பாத்தது, பொழுதுபோக்குக்கு பாத்தது, யாரோட போன்ல பாத்ததுன்னு மூணயும் தனித்தனி கட்டமா ஃபார்ம்ல போடச் சொல்லி இப்பவும் ஒவ்வொரு சர்வேக்கு முன்னாடியும் கேட்டுட்டுதான் இருக்கேன்.