7.62 என்று மட்டும் சொன்னால் போதாது

போன பொங்கலுக்கு லீவில் வந்திருந்த தம்பி மகன், சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது கேட்டான்: "பெரியப்பா, இன்சாஸைத் தூக்கிவிட்டு வேறு ரைஃபிள் கொடுத்தது சரிதானே?" இன்சாஸ் நம் நாட்டிலேயே செய்த 5.56 ரைஃபிள்; அந்த எண், தோட்டாவின் குறுக்களவு மில்லிமீட்டரில். அவனும் காலாட்படைதான். சரிதான் என்றேன். ஆனால் அந்த ஒரு வார்த்தை எனக்கே போதவில்லை.

24 வருட சர்வீஸில் பாதிக்கு மேல் கோத்தில் இருந்தவன் நான். ஆயுத அறையைத்தான் கோத் என்போம். ரைஃபிள் எப்படிச் சுட்டது என்பதை ரேஞ்சில் எல்லோரும் பார்ப்பார்கள். அது எப்படித் திரும்பி வந்தது, அதற்கு எத்தனை ரவுண்டு, அதாவது தோட்டா, போனது என்பதெல்லாம் கோத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியும்.

1992இல் வெலிங்டனில் ரெக்ரூட்டாகச் சேர்ந்தபோது கொடுத்தது எஸ்.எல்.ஆர். என்ற பழைய 7.62 ரைஃபிள். முதல் ஃபயரிங் முடிந்த அன்று தோள்பட்டை கன்றிப்போய், ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. சில வருடங்கள் கழித்து இன்சாஸ் வந்தது. அன்று கோத் மேஜையில் ரவுண்டுகளை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். இடது உள்ளங்கையில் எஸ்.எல்.ஆர். ரவுண்டு ஒன்று, வலதில் இன்சாஸ் ரவுண்டு இரண்டு. இரண்டு கையும் ஒரே கனம். பழையது 24 கிராம், புதியது 12 கிராம் அளவு. மலையேறுகிறவனுக்கு அந்தப் பாதி எவ்வளவு பெரியது என்று ஏறியவனுக்குத் தெரியும். உதையும் குறைவு. புதுப் பையன்களின் குரூப்பிங், அதாவது இலக்கில் குண்டுகள் பட்ட பரப்பு, கண்ணெதிரே சுருங்கியது.

1999 கார்கில் சமயத்தில் எழுந்த புகார்கள் எல்லோரும் அறிந்தவை. கடும் குளிரில் பிளாஸ்டிக் மேகஸின் விரிசல் விடுகிறது, சுடும்போது எண்ணெய் கண்ணில் தெறிக்கிறது என்றெல்லாம் சொன்னார்கள். நன்றாகக் கவனித்தால் அதெல்லாம் ரைஃபிளின் குறை, 5.56 தோட்டாவின் குறை இல்லை. ரைஃபிளை மாற்றுவது ஒரு கேள்வி, தோட்டாவை மாற்றுவது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

சரி, தோட்டாவுக்கு வருவோம். 5.56க்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட கணக்கு, எதிரியில் ஒருவன் காயப்பட்டால் அவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், ஆக மூன்று பேர் குறைவார்கள் என்பது. படையும் படையும் மோதும் போருக்கு அது பொருந்தலாம். காஷ்மீரில் ஒரு வீட்டுக்குள் பதுங்கியிருப்பவனைத் தூக்கிப்போக யாரும் வரப்போவதில்லை. குண்டு பட்ட பிறகும் அவன் விரல் டிரிக்கரில் இருந்தால் நம் பையன் விழுவான். காஷ்மீரில் தீவிரவாதிகளை எதிர்க்கும் ராஷ்டிரிய ரைஃபிள்ஸில், 7.62 ரவுண்டு போடும் ஏ.கே. ரைஃபிளை எல்லோரும் கேட்டு வாங்கியது அதனால்தான். எல்லைக்கோட்டில் கதை வேறு. ஒரு முகட்டிலிருந்து எதிர் முகடு ஐந்நூறு மீட்டர் இருக்கும். அங்கே ஏ.கே. ரவுண்டு தளர்ந்துவிடும்.

அதனால் 2019இல் முன்னணிப் பிரிவுகளுக்கு, தூரம் எட்டும் நீள ரவுண்டு போடும் சிக் 716 ரைஃபிள் 72,400 வாங்கியதும், 2021 டிசம்பரில் 6 லட்சத்துக்கும் மேல் ஏ.கே.-203க்கு ஒப்பந்தம் போட்டு அமேதி பக்கம் கோர்வாவில் தயாரிக்க ஏற்பாடு செய்ததும் எனக்குச் சரியாகவே படுகிறது. நிற்கிற இடத்துக்குத் தகுந்த தோட்டா. அமெரிக்க ராணுவமும் 2022இல் நேரடிச் சண்டையிடும் பிரிவுகளுக்கு 5.56ஐ விட்டு 6.8க்குப் போக முடிவெடுத்தது. அங்கேயும் ரவுண்டு கனம் கூடி, சிப்பாய் சுமக்கும் எண்ணிக்கை குறைகிறது.

என் கவலை வேறு. இன்சாஸ் காலத்தில் ரைஃபிளுக்கும் எல்.எம்.ஜி. என்ற இலகுரக இயந்திரத் துப்பாக்கிக்கும் ஒரே ரவுண்டு. எல்.எம்.ஜி.யின் 30 ரவுண்டு மேகஸின் ரைஃபிளிலும் பொருந்தும். பக்கத்தில் இருப்பவனிடம் கை நீட்டி வாங்கிக்கொள்ளலாம். இப்போது ஏ.கே.-203 ரவுண்டும் 7.62, சிக் ரவுண்டும் 7.62. ஒன்றின் கேஸ் 39 மில்லிமீட்டர் நீளம், மற்றது 51. இதற்கு அது உதவாது.

அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். காஷ்மீரில் ஒரு பனிக்கால மாலை, மேலே இருந்த போஸ்ட்டிலிருந்து வயர்லெஸ் செட்டில் கேட்டார்கள்: "செவன் சிக்ஸ் டூ, இரண்டு பெட்டி." ஏ.கே. ரவுண்டு என்று எடுத்துக்கொண்டு அனுப்பிவைத்தேன். அவர்களுக்கு வேண்டியிருந்தது எம்.எம்.ஜி. என்ற நடுத்தர இயந்திரத் துப்பாக்கிக்கான நீள ரவுண்டு. பெட்டி மேலே போய்ச் சேர்ந்து, திறந்து பார்த்து, செய்தி கீழே வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. அந்த நேரத்தில் பாதையில் ஆள் அனுப்ப முடியாது. இருந்த ரவுண்டை வைத்துக்கொண்டு அவர்கள் அந்த இரவைக் கழித்தார்கள். நான் செட் பக்கத்திலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, எதுவும் நடக்கவில்லை. வெளிச்சம் வந்ததும் சரியான பெட்டிகள் ஏறின.

அன்றைக்கே வெள்ளை பெயின்ட் வாங்கி, ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் பக்கத்திலும் கையகல எழுத்தில் 39, 51 என்று எழுதினேன். செட்டில் யார் 7.62 என்றாலும், "39ஆ, 51ஆ?" என்று கேட்காமல் பெட்டியைத் தொட்டதில்லை. தம்பி மகனிடமும் இதைத்தான் சொன்னேன். அவன் பையிலிருந்து பேனாவை எடுத்து, டைரியின் முதல் பக்கத்தில் அந்த இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டான்.