சுருட்டி எடுத்துப் போகும் வீடு: அல்சூர் நாட்குறிப்பு

2024 ஜூன் 8, சனி

ஆடி பிறப்பதற்குள் குடிபோய்விட வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்ததால், பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே சாமான்களை ஏற்றிவிட்டோம். பெங்களூரின் அல்சூர் ஏரியிலிருந்து பத்து நிமிட நடையில், மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறைகள் கொண்ட வீடு. பதினாறடிக்குப் பதினோரடிக் கூடம், பால்வெள்ளைச் சுவர், முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் வெளிர்நிற விட்ரிஃபைட் தரை, அலுமினியச் சட்டத்தில் நகரும் ஜன்னல், கூரையோரம் இரண்டு வெள்ளை டியூப்லைட். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கூடத்தில் நின்று மகளைக் கூப்பிட்டால் என் குரலே திரும்பி வருகிறது.

ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலி செய்யும்போது, இந்த ஊர் வழக்கப்படி, வெள்ளையடிப்பதற்காக ஒரு மாத வாடகையை முன்பணத்திலிருந்து பிடித்துக்கொள்வார்கள்.

விரிப்பு, கூடை, செடி என்று கலந்து அடுக்கும் பொஹீமியன் பாணியில் ஒரு வீட்டை அமைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. ஊர் ஊராகச் சென்று வாழ்ந்த ரோமா மக்கள் இன்றைய செக் நாட்டிலுள்ள பொஹீமியாவிலிருந்து வந்தவர்கள் என்று பிரெஞ்சுக்காரர்கள் எண்ணினார்கள்; 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வாடகை மலிவான பகுதிகளில் குடியேறிய ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் பிறகு அதே பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் ரோமா மக்களின் மொழி நம் வட இந்திய மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆக, இந்தப் பாணியின் வேரில் இருப்பது பெயர்ந்துகொண்டே இருந்தவர்களின் வாழ்க்கை. பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த ஊரில் நான்காவது வாடகை வீட்டில் இருக்கும் எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. இந்த வீட்டுக்குள் கொண்டுவரும் எதுவும் சுருட்டவோ மடிக்கவோ ஒருவர் கையால் தூக்கிப் போகவோ கூடியதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

முதலில் வெளிச்சத்தில் கை வைத்தேன். துணியையும் தொட்டியையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்வதே சரி என்று உறுதியாக நம்புகிறேன். ஏனென்றால் நீலம் பாய்ந்த வெள்ளை ஒளியில் எந்தச் செம்மண் நிறமும் செத்துப்போகும். கூடத்தில் இருந்த டியூப்லைட்டுகள், ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவில், 6500 கெல்வின். பகல் வெளிச்சத்தைப் போல, மருந்துக்கடைகளில் எரிவதைப் போல. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, பழைய குண்டு பல்பின் மஞ்சள் ஒளிக்கு நெருக்கமான 2700 கெல்வினில், ஒன்பது வாட் எல்.இ.டி. பல்புகள் மூன்று வாங்கினேன். நிறங்களைத் திரிக்காமல் காட்டும் திறனை சி.ஆர்.ஐ. என்ற எண்ணால் குறிக்கிறார்கள்; அது 90க்கு மேல் இருக்கும்படி பெட்டியைப் பார்த்தே எடுத்தேன்.

கன்டோன்மென்ட் அருகிலுள்ள பாம்பூ பஜாரில் அகல வாய்க் கூடைகள் மூன்று கிடைத்தன. ஹோல்டரோடு பிளக் வைத்த வயரைக் கூடையின் அடிப்பகுதி வழியாகக் கோத்தால் விளக்குக்கூடு ஆகிவிடுகிறது. எல்.இ.டி. பல்பு பழைய குண்டு பல்பைப் போலக் கொதிப்பதில்லை என்பதால் மூங்கிலுக்கு அருகில் வைக்கத் துணிந்தேன். ஆனாலும் பல்புக்கும் கூடைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறேன். ஒன்று தரைக்கு மிக அருகில், ஒன்று உட்கார்ந்தவரின் தோளுயரத்தில், மற்றொன்று ஜன்னல் கம்பியிலிருந்து தொங்கும்படி. மூன்றும் வெவ்வேறு உயரத்தில் எரியும்போது அறைக்கு ஆழம் வந்துவிடுகிறது. மகளின் படிப்பு மேசைக்கும் சமையலறைக்கும் 4000 கெல்வின். மஞ்சள் ஒளியில் கீரையில் பூச்சி பார்க்க முடியாது.

ஜூன் 16, ஞாயிறு

எப்படியும் ஒரு மாத வாடகையை வெள்ளையடிக்கப் பிடிக்கப்போகிறீர்கள், அப்படியானால் ஒரே ஒரு சுவருக்கு நிறம் மாற்றிக்கொள்ள அனுமதியுங்கள் என்று வீட்டு உரிமையாளரிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, கூரைக்கு மட்டும் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சம்மதித்தார்.

எனக்கு வேண்டியது காவி நிறம். மார்கழிக் கோலத்தைச் சுற்றி இழுக்கும் செம்மண் கரையின் நிறம், கோயில் மதிலில் வெள்ளைப் பட்டைக்கு அடுத்து வரும் நிறம், இந்த ஊரின் பழைய ஓட்டு வீடுகளில் ரெட் ஆக்சைடு தரையாகப் பல்லாண்டுகள் தேய்ந்து மின்னும் நிறம். கடையின் அட்டையில் அந்த வரிசையில் மட்டும் பன்னிரண்டு சாயல்கள் இருந்தன. அட்டையில் விரலளவு தெரியும் நிறம் சுவர் முழுக்க ஏறும்போது அடர்ந்துவிடும் என்பதை முந்தைய வீட்டில் பட்டறிந்திருந்ததால், நான்கு சாயல்களில் மாதிரி டப்பா வாங்கிச் சார்ட் தாள்களில் இரண்டு கோட்டு அடித்து, அவற்றை இரண்டு நாள் அந்தச் சுவரில் ஒட்டி வைத்துக் காலை, பிற்பகல், இரவு என்று பார்த்தேன். மேற்கு ஜன்னலின் மாலை வெயிலில் இரண்டு தாள்கள் எரிந்தன. மற்றொன்று இரவில் காய்ந்த ரத்தம்போல இருந்தது. எஞ்சிய ஒன்றுதான் எந்த நேரத்திலும் மண்ணாகவே இருந்தது.

சுண்ணாம்புப் பூச்சின் மேகம் படர்ந்தாற்போன்ற அழகுக்கு மனம் ஏங்கியது. ஆனால் சுண்ணாம்பு, ஈரத்தை உள்ளிழுக்கும் சுவரில்தான் பிடிக்கும். ஏற்கெனவே எமல்ஷன் பூசிய சுவரில் சில மாதங்களில் பொடிப்பொடியாக உதிரும். ஆகவே மினுமினுப்பில்லாத எமல்ஷனே போதும் என்று இரண்டு லிட்டர் வாங்கினோம். கணவர் கூரையோரத்தில் டேப் ஒட்ட, நான் உருளையால் இரண்டு கோட்டு அடித்தேன். கூரையில் ஒரு துளிகூடத் தெறிக்கவில்லை.

ஜூன் 19, புதன்

இணையத்தில் தருவித்த சணல் விரிப்பு வந்தது. உறையைப் பிரித்ததும் ரப்பர் நெடி; ஓர் இழையை இழுத்துத் தீக்குச்சியால் கொளுத்தியபோது சாம்பலாகாமல் உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டது. சணல் என்று எழுதி நெகிழியை விற்பது ஏமாற்று. திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

அம்மா ஈரோட்டிலிருந்து ரயிலில் வந்தார். தொலைபேசியில் விரிப்பு விஷயத்தைச் சொல்லியிருந்ததால், பரணில் கிடந்த பவானி ஜமக்காளத்தை வெயிலில் உலர்த்தி, கயிறு கட்டிக் கையோடு கொண்டுவந்துவிட்டார். அகலமான சிவப்புப் பட்டைகள், நடுவே பச்சையும் நீலமும் கறுப்பும் மஞ்சளும். காவிரியும் பவானியும் கூடும் ஊரில் குழித்தறியில் நெய்தது. கைக்குச் சொரசொரப்பாகவும் கனமாகவும் இருக்கும் முரட்டுப் பருத்தி. 2005-06இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வீட்டில் சீர் நடந்தாலும் பந்தி நடந்தாலும் முதலில் விரிவது இதுதான். முடிந்ததும் உதறிச் சுருட்டி மறுபடி பரணுக்கே போய்விடும்.

கூடத்தின் நடுவில் நான் அதை விரிக்கப் போனதும் அம்மா தடுத்தார்.

“விருந்தாளி வந்தா விரிக்கறது கண்ணு இது. தெனமும் மிதிக்கலாமா?”

“பரண்ல கெடந்து பூச்சி அரிக்கறதுக்கு, நாம மிதிச்சுத் தேயட்டும்மா.”

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் ஓரத்துக் குஞ்சங்களை ஒவ்வொன்றாக நீவி நேராக்கி வைத்தது அவர்தான்.

பளபளக்கும் தரையில் ஜமக்காளம் வழுக்கும். அடியில் ரப்பர் வலையொன்றைப் போட்டு, அதன் மேல் பெரிய கோரைப்பாயும், பாயின் மேல் சற்றுச் சாய்வாக ஜமக்காளமுமாக விரித்தோம். பாயின் வெளிர்மஞ்சள் நான்கு பக்கமும் கரைபோல நிற்கிறது. அடுக்கடுக்காக விரிப்பதே இந்தப் பாணியின் முதல் இலக்கணம் என்பார்கள். நம் வீடுகளில் பாயின் மேல் ஜமக்காளம், அதன் மேல் போர்வை என்று விரித்துப் படுத்தவர்களுக்கு அது புதிதல்ல. இரவு மகளைக் கூப்பிட்டேன். குரல் திரும்பி வரவில்லை. எதிரொலியைத் துணி குடித்துவிட்டது.

ஜூன் 30, ஞாயிறு

பாட்டரி டவுனுக்குப் போனோம். பென்சன் டவுனை ஒட்டிய சிறு பகுதி. தலைமுறைகளாகக் குயவர்கள் வாழும் தெருக்கள். செப்டம்பரில் வரும் பிள்ளையார் சதுர்த்திக்கு இப்போதே களிமண் பிள்ளையார்கள் திண்ணைகளில் வரிசையாக உலர்ந்துகொண்டிருந்தன. தமிழ் பேசும் பெரியவர் ஒருவரிடம் பூசாத மண்தொட்டிகள் ஐந்து வாங்கினேன். புதுத் தொட்டியை ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்த பிறகே மண் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் செடிக்கு ஊற்றும் நீரைத் தொட்டியே உறிஞ்சிவிடும் என்றார். பழைய தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளை படிவதைக் கேட்டேன். “போர் தண்ணில உப்பு ஜாஸ்திம்மா, பூக்கத்தான் செய்யும்” என்றார். அந்த உப்புப் பூத்த தொட்டிகளே எனக்கு அழகாகத் தெரிகின்றன. ஆகவே துடைக்கப் போவதில்லை.

செடிகளில் மணிபிளான்ட், பாம்புக் கற்றாழை, ஓர் அரேகா பாம் ஆகிய மூன்று மட்டுமே. இந்தக் கோடையில் தண்ணீர் லாரிக்காகப் பெங்களூரு காத்துக்கிடந்ததைப் பார்த்த பிறகு, கூடத்தைக் காடாக்கும் ஆசை எனக்குப் போய்விட்டது. அரிசி களைந்த நீரே இவற்றுக்குப் போதும்.

ஜூலை 6, சனி

இன்று முழுவதும் உறி கட்டினேன். கடைகளில் மக்ரமே (கயிற்று முடிச்சு வேலை) என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் தொங்கலைப் பார்க்கும்போதெல்லாம் பாட்டி வீட்டு அடுக்களையில் தயிர்ப்பானையைத் தாங்கி நின்ற உறிதான் நினைவுக்கு வரும். எறும்புக்கும் பூனைக்கும் எட்டாமல் வைக்கக் கண்ட வழி அது.

நான்கு மில்லிமீட்டர் பருத்திக் கயிறு வாங்கியிருந்தேன். மூன்றடி உறிக்கு எட்டுக் கயிறுகளை நடுவில் மடித்து வளையத்தில் மாட்டினால் பதினாறு இழைகள் தொங்கும். முடிச்சு எவ்வளவு கயிற்றை விழுங்கும் என்று தெரியாமல் முதலில் பத்தடியாக வெட்டியதில் பானை உட்காரும் இடம் வருவதற்குள் கயிறு தீர்ந்துவிட்டது. இரண்டாம் முறை பதினெட்டு அடியாக வெட்டினேன்.

சதுர முடிச்சு ஒன்றைக் கற்றால் போதும். நான்கு இழைகளில் நடு இரண்டும் அசையாமல் நிற்க, இடப்பக்க இழை அவற்றின் முன்னால் போகும். வலப்பக்க இழை அதன் மேலேறி, நடு இழைகளின் பின்னால் நுழைந்து, இடப்பக்க வளைவின் வழியாக வெளியே வரும். இறுக்கிய பின் அதையே வலப்பக்கத்திலிருந்து தொடங்கிச் செய்தால் முடிச்சு தட்டையாகப் படியும். பக்கம் மாற்றாமல் இடப்பக்கத்திலிருந்தே தொடங்கிக்கொண்டு போனால் கயிறு தானாகச் சுழன்று, கோபுரத்துக்குள் ஏறும் படிக்கட்டுபோல முறுக்கிக்கொள்ளும். பத்தாவது முடிச்சில் அப்படித்தான் தவறினேன். பிரிக்கலாம் என்று விரலை வைத்தபோது, அந்த முறுக்கு வெளிச்சத்தில் ஒரு பக்கம் மினுங்கி மறுபக்கம் நிழல் விழ நின்றது. உறியின் நான்கு தொங்கல்களில் இரண்டைத் தட்டையாகவும் இரண்டை முறுக்காகவும் முடித்தேன். ஈர மண்ணோடு தொட்டி மூன்று கிலோ வரை வரும். ஜன்னலின் மேல் கம்பியில் இரும்புக் கொக்கி போட்டு மாட்டியிருக்கிறது. ஓர் ஆணிகூடத் தேவைப்படவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

சிக்பேட்டையில் வாங்கிய அச்சுத்துணியைத் தனியாக நனைத்துப் பார்க்காமல் மெத்தை உறைகளோடு ஊற வைத்ததில், அவுரி நீலம் இறங்கி இரண்டு வெள்ளை உறைகளும் திட்டுத்திட்டாகிவிட்டன. அவசரத்தால் வந்த வினை. இரண்டையும் தேயிலைச் சாற்றில் உப்புப் போட்டுக் கொதிக்க வைத்துப் பழுப்பாக்கினேன். காவிச் சுவரின் முன்னால் அந்தப் பழுப்பு பொருந்துகிறது. திட்டுகள் மட்டும் மங்கலாகத் தெரிகின்றன.

ஜூலை 21, ஞாயிறு

வீட்டு வேலைக்கு உதவ வரும் பெண் ராய்ச்சூர் பக்கத்தவர். பிய்ந்துபோன என் பருத்திப் புடவைகளைக் கிழித்துத் துடைக்க எடுக்கலாமா என்று கேட்டவர், நான் அவற்றைத் தடவிக்கொண்டே நிற்பதைப் பார்த்து, “கௌதி தைக்கலாமே அக்கா” என்றார். வட கர்நாடகத்தில் பழந்துணிகளை அடுக்கி, ஒட்டுப்போட்டு, நெருக்கமான ஓட்டுத் தையலால் இணைத்துச் செய்யும் போர்வை அது. அடியில் ஒரு முழுப் புடவை, நடுவில் நைந்த இரண்டு, மேலே சதுரங்களாக வெட்டிய துண்டுகள். ஓரத்திலிருந்து தொடங்கி, ஊசியைச் சுற்றிச்சுற்றி நடுவை நோக்கிக் கொண்டுபோக வேண்டுமாம். அவருடைய தையல் ஒரு நெல்மணி நீளம், என்னுடையது இரண்டு. நான் கொடுக்க நினைத்த கூலியை முன்கூட்டியே பேசிக்கொண்டோம், ஏனென்றால் இதை நட்புக்காகச் செய்கிறேன் என்று அவர் சொல்லி நான் ஒப்புக்கொள்வது நியாயமாகாது. தினமும் வேலை முடிந்ததும் அரை மணி நேரம் இருவரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்து தைக்கிறோம். என் வளைகாப்புக்கு அம்மா எடுத்த பச்சைச் சுங்குடி நடுச்சதுரமாகப் போகிறது.

ஆகஸ்ட் 3, சனி, ஆடிப்பெருக்கு

ஊரில் இருந்தால் கூடுதுறைக்குப் போயிருப்போம். இங்கே தேங்காய்ச்சாதம், எலுமிச்சைச்சாதம், தயிர்ச்சாதம் செய்து, கீழ்வீட்டுக் குடும்பத்தையும் வீட்டு உரிமையாளரையும் அழைத்தேன். நாற்காலிகள் நான்குதான் இருந்தன என்பதால் எல்லோரும் தரையிலேயே உட்கார்ந்தார்கள். டியூப்லைட்டைப் போட எழுந்த கணவரை உரிமையாளரின் மனைவி வேண்டாம் என்று நிறுத்தினார். அவர் காவிச் சுவரில் சாய்ந்துகொண்டு, எதிர்ச்சுவர் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டார். அதற்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை, கிடைக்கும்வரை அப்படியே இருக்கட்டும் என்றேன்.

கௌதியில் மூன்று சுற்று முடிந்திருக்கிறது. நூல் தீர்ந்துவிட்டது, திங்களன்று சிவாஜிநகரில் வாங்க வேண்டும்.